பேனாக் கோடு

"முதல்ல கையைக் காட்டு. கட்டு அப்புறம் போடலாம்."

"நேரமாச்சுங்க, சீக்கிரம் சுத்தி விடுங்க. காலையில இருபது சீருடை போயாகணும்."

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் வழக்கம்போல மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கைகளைத் துடைத்துக்கொண்டு, தையல் மெஷின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் இடது கையை நீட்டினாள்.

மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கையில் நீர் வடிய வழியில்லாமல் வீங்கிக்கொள்ளும். தினமும் விரலில் தொடங்கித் தோள்வரை பேண்டேஜ் சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு இரண்டு கை வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்று. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டவர் மெக்கானிக்தான்.

முழங்கைக்கு மேலே டேப்பைச் சுற்றிப் பார்த்தார். போன வாரம் முப்பத்தொரு சென்டிமீட்டர். இன்று முப்பத்து மூன்றரை.

"எவ்வளவு?"

"கொஞ்சம் கூட இருக்கு."

"கொஞ்சம்னா?"

அவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. தொட்டார். சுட்டது.

"இது எப்போலேர்ந்து?"

"மத்தியானம் ஊசி குத்திடுச்சு. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"விரலுக்கு உறை போட்டுக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"போட்டா துணி பிடிபடலை. நீங்க மட்டும் உறை போட்டுக்கிட்டா நட்டு முடுக்குறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

"இதைத் தாண்டுதான்னு பார்ப்போம். இன்னைக்குக் கட்டு வேண்டாம்."

அவள் மறுபடி மெஷினை ஓட்டினாள். அவர் அவளுடைய கையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி முறைச்சுப் பார்த்தா அது பயந்து நின்னுடுமா?"

அரை மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டி மணிக்கட்டைத் தொட்டிருந்தது. தையல் கோணலாகப் போனது. அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது.

"கிளம்பு."

"சீருடை?"

"அது கிடக்கட்டும். போன தடவை இப்படித்தான் ஒண்ணுமில்லைன்னு விட்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில படுத்தே. மறந்துட்டியா?"

"மறக்கலை," என்றாள் மெதுவாக. "அதான் பயமா இருக்கு."

அவர் எழுந்தார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஜன்னலைச் சாத்தி, வீட்டைப் பூட்டி, அவளை வண்டியில் ஏற்றினார்.

அவசரப் பிரிவில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் இடது கைப்பக்கம் கொண்டுவந்தாள்.

"அந்தக் கை வேண்டாம் சிஸ்டர். அதுல ஊசியும் போடாதீங்க."

ஆபரேஷன் நடந்த தேதி, கதிர்வீச்சு கொடுத்த நாட்கள், எந்த மாத்திரை அவளுக்குச் சேராது, எல்லாவற்றையும் காகிதம் பார்க்காமல் சொன்னார்.

"இவ்வளவு ஞாபகமா?" என்றாள் நர்ஸ். "எங்க வீட்டுக்காரருக்கு என் செருப்பு அளவே தெரியாது."

டாக்டர் பேனாக் கோட்டைப் பார்த்தார். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. காலையில பார்த்துக்கலாம்னு இருந்திருந்தா ரத்தத்துல பரவியிருக்கும். மருந்து ஏத்துறோம், அடங்கிடும்."

வலது கையில் மருந்து இறங்கத் தொடங்கியது. மெக்கானிக் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "கூட இருக்கறது கணவர்... அப்படித்தானே?"

அவர் தரையைப் பார்த்தார். கட்டிலிலிருந்து அவள்தான் சொன்னாள்:

"இல்லை சிஸ்டர். எங்களுக்கு விவாகரத்தாகி அஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு இந்த நோய் வந்து மூணு வருஷம்தான் ஆகுது."