இலைக்கட்டு

"ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னையக் கோம்பை பஸ்ஸுல ஏத்தி விட்ருங்க தாயி!"

மொக்கம்மாள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். நர்ஸ் கிருபாவதி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பாகு பொங்கித் தெறித்து, மொக்கம்மாளின் வலது கை முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. தேனியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஞானசிகாமணி அவள் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலெடுத்துக் கையில் ஒட்டினார். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தால், துணி புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. துணியை எடுக்க எடுக்கப் புதுத்தோலும் கூடவே உரிந்து வந்துவிட்டது. தோல் எடுத்த தொடையிலும் அதே கதைதான். அவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"மறுபடி ஒட்டலேன்னா முழங்கை மடங்குனபடியே நின்னுரும், மொக்கம்மா," என்றார் டாக்டர். "இந்தத் தடவ புண்ணுல துணி படாது. வாழை இலையை அவிச்சு, கிருமி இல்லாமப் பண்ணி, அதை வச்சுக் கட்டலாம்னு பாக்குறேன். இலை ஒட்டாது."

"சோறு போடுற இலையவா? இங்கன யாருக்காச்சும் கட்டியிருக்கீகளா?"

"இல்ல."

"அப்ப என்னைய வச்சுத்தான் பாக்கணுமா?"

"பத்து நாள் பொறு," என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

பதினோராம் நாள் காலையில் புண்ணைக் கழுவ மொக்கம்மாளைக் கூட்டிப்போனார்கள். அறையின் நடுவே பச்சைத் துணி மறைப்பு. அந்தப் பக்கம் யாரோ படுத்திருந்தார்கள்.

"மொதல்ல துணி கட்டுன எடம். பல்லைக் கடிச்சுக்கங்க." கிருபாவதியின் குரல்.

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டது போல ஓர் ஆண்முனகல். மொக்கம்மாளுக்குத் தன் தொடையே சுண்டி இழுத்தது.

"அடுத்தது இலை."

இடது கையால் காதைப் பொத்திக்கொண்டாள். எந்தச் சத்தமும் வரவில்லை. மெல்லக் கையை எடுத்தாள். அப்போதும் இல்லை.

கிருபாவதி தட்டோடு வெளியே வந்தாள். துணி முழுக்க ரத்தம். பழுப்பேறிய இலையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"ஒரே ஆளு, ஒரே தொடை அக்கா. பக்கத்துப் பக்கத்துலதான் ரெண்டு புண்ணும். இலை வச்ச எடம் மூடிருச்சு!"

மொக்கம்மாள் அந்த இலையையே வெறித்துப் பார்த்தாள். "எனக்கும் இதையே கட்டச் சொல்லுங்க தாயி."

மறுபடியும் தோல் ஒட்டினார்கள். ஆறாம் நாள், டாக்டர் அவள் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொள்ள, கிருபாவதி கட்டைப் பிரித்தாள். மொக்கம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம் எடுங்க தாயி."

"எடுத்தாச்சு. கண்ணைத் தொறங்கக்கா."

கையில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். டாக்டர் ஒரு விரலால் லேசாக அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்ததும் ரத்தம் ஓடிவந்து சிவந்தது. மொக்கம்மாள் மூச்சுவிடவும் மறந்து பார்த்தாள்.

"ஆத்தாடி! நட்ட நாத்து பச்சை பிடிச்சாப்புல உசுரு பிடிச்சிருச்சே!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எனக்கு முந்தி இலை கட்டிக்கிட்ட மகராசன் எந்த ஊரு தாயி? நேர்ல பாத்துக் கும்புடணும். பாவம், அவுகளுக்கு எங்கன வெந்துச்சு?"

"எங்கனயும் வேகல அக்கா."

"வேகலையா? பெறகு எதுக்குத் தொடையில தோலை எடுத்தாக?"

"உங்களுக்கு எதைக் கட்டலாம்னு பாக்கத்தான்." கிருபாவதி பிரித்த இலையைத் தட்டில் வைத்தாள். "கும்புடணும்னா இப்பவே கும்புடுங்க. உங்க முழங்கையைத் தாங்கிக்கிட்டு நிக்கிறது அவுகதான்."