பெயரும் பிறந்த தேதியும்

“கையைத் தொட்டாப் போதும் மேடம், ஆளு யாருன்னு சொல்லிடுவேன். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லாவுலயும் அது தெரிஞ்ச ஒரே நர்ஸ் நான்தான்.”

இதைச் சொன்னபோது மணிவேல் சிரிக்கவில்லை. நாளைக்கு மழை என்று அறிவிக்கும் வானிலை அதிகாரியைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கொண்டு நின்ற நந்தினி, அவன் வேலை பார்க்கும் வீட்டு மருத்துவச் சேவை நிறுவனத்தின் மேற்பார்வையாளர். ஒரு காலத்தில் வார்டு நர்ஸ். வீடு வீடாகப் போகிறவர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்க லப்பைக்குடிக்காடு வரை வந்திருந்தார். கையில் புதிய படிவம். அதன் முதல் கட்டத்தில், ஒவ்வொரு முறையும் நோயாளியிடமே கேட்டு, அவர் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத வேண்டும்.

“வாரா வாரம் பார்க்கிற ஆளுகிட்டப் போயி ‘உங்க பேரு என்ன’ன்னு கேட்டா, என்னைத்தான் மேடம் ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்க. வாலிகண்டபுரத்துல இடுப்பு ஒடிஞ்ச பெரியவரு ஒருத்தரு இருக்காரு. அவருகிட்ட பேரு கேட்டேன்னு வைங்க, எந்திரிக்க முடியாத மனுஷன் எந்திரிச்சு வந்து அடிப்பாரு.”

“எந்திரிச்சா நல்லதுதானே” என்றார் நந்தினி.

இருவரும் சர்க்கரை நோயாளி ஷரீபாவின் வீட்டுக்குள் போனார்கள். கணவர் இறந்து ஷரீபா இத்தா இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அதனால் அறை வாசலில் ஒரு திரை, திரைக்கு வெளியே ஒரு முக்காலி. மணிவேல் குரல் கொடுத்ததும் முக்காலியின் மேல் ஒரு கை நீளும். மூன்று மாதமாக அவன் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான்.

“பன்னெண்டு வாரமா சுகரு நூத்திப்பத்தைத் தாண்டலை மேடம். இன்னைக்கும் இப்படியே இருந்தா மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் நம்ம கைராசி.”

கை நீண்டது. விரல் நுனியில் குத்தினான். மீட்டர் நூற்று நான்கு என்றது.

“பாத்தீங்களா? மணிக்கட்டுல புளியங்கொட்டை மாதிரி மச்சம். இதைவிட என்ன ஐடி கார்டு வேணும்?”

“முதல் கட்டம் காலியா இருக்கு மணிவேல். அது நிரம்பாம இந்த நம்பரை டாக்டருக்கு அனுப்ப முடியாது.” நந்தினி திரைப் பக்கம் குனிந்தார். “அம்மா, உங்க பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்க.”

“ஷரீபா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு குரல்களில்.

பஞ்சு ஒட்டிய விரலோடு கை மெதுவாக உள்ளே போயிற்று.

நந்தினிக்குத் திரை ஒரு தடையில்லையே! விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மணிவேலுக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

“நீங்க யாரும்மா?”

“நான் ஃபைஸா, தங்கச்சி. லாத்தாவுக்கு ஊசின்னா ஆவாதுங்க. மொத நாளு நடுங்கிப் போச்சு. சரி, நம்ம கையை நீட்டுவோம்னு நீட்டிட்டேன். அந்த நம்பரைக் கேட்டு துபாய்லேர்ந்து லாத்தா மவன் வாசிம் என்னா சந்தோசப்பட்டான்ங்கறீங்க! அதுக்கப்புறம் கையை எப்படி மடக்குறது?”

ஷரீபாவின் குரல் குறுக்கிட்டது. “என் நம்பரு ஏறுனா எம்மவன் வேலையை உட்டுட்டு ஓடியாந்துருவான்ங்க. அவன் அத்தா மவுத்துக்கு வந்துட்டுப் போயி இப்பதான் மூணு மாசம் ஆவுது.”

“மவன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. இப்ப விரலைக் காட்டுங்கம்மா. ஒரு எறும்புக் கடிதான்.”

மீட்டர் ‘பீப்’ என்றது.

“முந்நூத்திப் பதினெட்டு. கால்ல என்ன புண்ணு? எத்தனை நாளா?”

வெளியே மணிவேல் தன் போனில் பன்னிரண்டு வார எண்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான். ஃபைஸாவின் ஆரோக்கியம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

நந்தினி வெளியே வந்து டாக்டருக்கு போன் போட்டார். மாத்திரையைக் குறைக்கும் பேச்சு அங்கேயே நின்றது. கால் புண்ணைப் பார்க்க ஷரீபாவை அன்றே அழைத்து வரச் சொன்னார் டாக்டர். மீதிப் படிவங்களை மணிவேலிடம் கொடுத்துவிட்டு நந்தினி அரியலூர் பஸ் பிடிக்கக் கிளம்பினார். வாசலில் மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.

“உங்க கைராசி நல்ல கைராசிதான் மணிவேல். ஃபைஸாம்மாவுக்கு.”

அன்றைய கடைசி வீடு வாலிகண்டபுரம். இடுப்பு ஒடிந்த பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். மணிவேல் வாசலை ஒருமுறை பார்த்தான், சன்னலை ஒருமுறை பார்த்தான். யாருமில்லை. பேனாவைத் திறந்து, தொண்டையைச் செருமி, ரகசியம் கேட்பதுபோல் கேட்டான்.

“உங்க பேரு சொல்லுங்க.”

“என்னது?”

“முழுப் பேரு. பொறந்த தேதியும்.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வாரமாக எழுந்திருக்க முடியாதவர், கையை ஊன்றி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

“ஏய் முத்தாயி, ஓடியா! நம்ம மவனுக்கு என்னமோ ஆயிப்போச்சு, பெத்த அப்பன்கிட்டயே பேரு கேக்குறான்டி!”