எட்டு வரி லூப்

"சார், கண்டுபிடிச்சிட்டேன்!"

மேனேஜர் அறைக்குள் புயலாக நுழைந்தாள், சேர்ந்து மூன்றே வாரமான புரோகிராமர்.

"வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்களை ஒவ்வொரு பேரா பார்த்து வடிகட்ட நீங்க எழுதின லூப் தப்பு சார்!"

"பத்து வருஷமா ஓடுதும்மா. எட்டே வரி. அதுல என்ன தப்பு?"

"அஞ்சு வருஷம் வேலையில இல்லாதவங்க பேரை அது பட்டியல்ல இருந்து நீக்கணும். ஒரு பேரை நீக்கினதும் அடுத்த பேர் அந்த இடத்துக்கு நகர்ந்துடுது. லூப் அடுத்த இடத்துக்குப் போறதால அதைப் பார்க்காமலே தாண்டிடுது. ஏற்கெனவே சோதிச்சு வச்சிருக்கிற ரெடிமேட் அல்காரிதம் போட்டிருந்தா ஒருத்தரும் தப்பியிருக்க முடியாது!"

"அப்படி யாராவது தப்பிச்சாங்களா?"

"போன மாசம் ஒருத்தர். வேலையே குடுத்துட்டீங்க!"

"அடக் கடவுளே! யாரும்மா அது?"

"நான்தான் சார். ரெண்டு குழந்தைங்க, ஆறு வருஷம் வீட்ல இருந்தேன். இன்டர்வியூல நீங்க அதைக் கேக்கவே இல்லை."

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அல்காரிதமே போடுங்க. அதுக்கு முன்னாடி அந்த அஞ்சு வருஷ விதியைத் தூக்கிக் கடாசுங்க!"

வாசல்வரை ஓடியவள் திரும்பினாள்.

"சார், பட்டியல்ல எனக்கு நேர் மேல இருந்து, லூப் நீக்கினவங்களையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாமா?"