கை ஊன்றாமல் ஐந்து முறை

பயிற்சி அறையின் ஜன்னல் வெயிலில், பனியனோடு உட்கார்ந்திருக்கும் எண்பது வயது முன்னாள் டிக்கெட் பரிசோதகரின் தோள், விளக்கிவைத்த சொம்பு மாதிரி பளபளக்கிறது. சற்றுமுன் தடவிய ஹார்மோன் களிம்பு இன்னும் காயவில்லை. பெண்கள் அதைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மீசை முளைத்துவிடும் என்ற பயத்தில் மனைவி கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தால்தான், அவர் விழுந்த அன்று மகன் பூட்டிய மாடி அறையின் சாவி திரும்பக் கிடைக்கும். நான்கு முறை எழுந்தாயிற்று. "சார், இப்ப சுண்டுவிரல் கைப்பிடியில பட்ட மாதிரி இருந்துச்சே?" என்கிறார் பயிற்சியாளர். "ஈ உக்காந்துச்சு தம்பி, விரட்டினேன்." ஒருத்தனையும் டிக்கெட் இல்லாமல் விடாத மனுஷர், பல்லைக் காட்டிக் கெஞ்சுகிறார். ஐந்தாவது முறை பாதி எழுந்தவர் ஒருபக்கம் சாய, மனைவி பாய்ந்து அந்தப் பளபளக்கும் தோளையே இரண்டு கையாலும் பிடித்து நிறுத்துகிறாள். "அம்மா கை பட்டுடுச்சு, இது செல்லாது" என்கிறார் பயிற்சியாளர். அவள் பிசுபிசுக்கும் கைகளைப் பார்க்கிறாள், கணவரைப் பார்க்கிறாள், தோளை விடவில்லை. "நாலுன்னே எழுதிக்கோங்க தம்பி. மீசை முளைக்கட்டும், மிச்சம் ஒண்ணை நானே எந்திரிச்சுக் காட்டறேன்."