பக்கத்து சீட்

"தயா, பிரேக் ஆயில் மாத்தணும்பா" என்று கார் பெண்குரலில் குழைந்தது. கட்டிய புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட சுகந்திக்கே இன்னும் வாய் வருவதில்லை.

"போன மாசம்தானே மாத்துனீங்க? ரெண்டு வருசத்துக்கு ஒருதடவை மாத்துனா போதும்னு வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு. ஷோரூம்காரன் சொல்லிக் குடுக்குறதை இது ஒப்பிக்குது."

"அது வாயத் தொறந்து கேக்குதுல்ல சுகந்தி, பாவம்." தயாளன் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவளும்தான் தீபாவளியிலிருந்து வாயைத் திறந்து சொல்கிறாள். "கேஸா இருக்கும், சுக்கு போட்டுக் குடி" என்பதோடு சரி.

ஷோரூமுக்குத் திரும்பும் முனையில் கார் மறுபடி பேசியது. "தயா, பக்கத்து சீட்டுல மூச்சுச் சத்தம் சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டிடுப்பா."

தயாளன் மறுபேச்சில்லாமல் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.

"நல்லவேளை, இது சொல்லிச்சு" என்றான்.

சுகந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல அவளுக்கு ஆயில் மாத்துங்க" என்றாள், மூச்சு வாங்க.