ஒரு ஆட்டுக்கு அஞ்சு வருஷம்

"யாருக்காக அறுத்தீங்க? அந்தப் பேரை மட்டும் சொல்லித் தொலைங்களேன் அண்ணே!"

வக்கீல் புருல் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்தாள். கூண்டுக்குள் அசான்குல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஹாயாகச் சிரித்தான்.

"விருந்தாளிக்குன்னு சொல்லிட்டேனே தங்கச்சி. அது போதாதா?"

"போதாது! ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தான் கோர்ட்டு நம்பும். இல்லேன்னா திருடித் தின்னான்னுதான் தீர்ப்பு வரும்."

"வரட்டும். ஒருத்தரை உக்கார வெச்சுக் கறி போட்டுட்டு, அப்புறம் நீ தின்னது திருட்டுக்கறின்னு சபையில சொல்றதா? அந்த மனுஷன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு?"

புருலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு அப்பீல் ஒரு கேடா!

அசான்குல், ஊரார் ஆடுகளைக் கோடையில் மலைக்கு ஓட்டிப்போய் மேய்க்கிறவன். கூலி ஆடாகத்தான் வரும். அதுவும், மந்தையைக் கீழே இறக்கி எண்ணி ஒப்படைத்த பிறகு. இந்த வருஷம் எண்ணியபோது பெய்ஷெனின் செம்மறிக்கடா ஒன்று குறைந்தது.

ஓநாய் தூக்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். "நான்தான் அறுத்தேன், என் கூலியில கழிச்சுக்குங்க" என்றான் இந்த மகா புத்திசாலி. பெய்ஷென் நேரே போலீசுக்குப் போய்விட்டார். கால்நடைத் திருட்டு என்றாலே இப்போது சட்டம் கடுமை. கீழ்க்கோர்ட் அஞ்சு வருஷம் தீட்டிவிட்டது.

அசான்குல் மனைவி சாய்ரா நிறைமாத வயிற்றோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விருந்தாளி யாரென்று அவளுக்கும் தெரியும்.

"அவர் சொல்லாததை நான் எப்படிங்க சொல்றது? ஆனா பொறக்கப்போற புள்ள அப்பன் முகத்தைப் பாக்க அஞ்சு வருஷம் காத்திருக்கணுமா?" என்று காலையில் அழுதாள். பாவமாகவும் இருந்தது, நல்லா நாலு கேட்கலாம் போலவும் இருந்தது புருலுக்கு.

நீதிபதி வந்தார். முதலில் பெய்ஷெனைப் பேசச் சொன்னார். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அஞ்சு வருஷமே கம்மி அய்யா! விருந்தாளியாம், பெரிய விருந்தாளி! அடுத்தவன் ஆட்டை வெட்கமில்லாம மென்னு தின்ன அந்தப் பெருந்தீனி எவன்? ஆளைக் காட்டட்டும், அவனையும் சேத்து உள்ள தள்ளணும்!"

கோர்ட்டே சிரித்தது. அசான்குல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னைக்குய்யா அறுத்தே?" என்றார் நீதிபதி.

"கோடையில ஒரு நாள் திடீர்னு பனி கொட்டுச்சே அய்யா, அன்னிக்கு."

"உன் ஆட்டை அறுக்கிறதுதானே?"

"எனக்கேது ஆடு? அந்த விருந்தாளி புதுச் சம்பந்தி வீட்டாரோட வந்துட்டாரு. எல்லாரும் நனைஞ்சு நடுங்கிட்டு நிக்கிறாங்க. வெறும் ரொட்டியும் டீயும் கொடுத்து அனுப்பினா, சம்பந்தி முன்னாடி அவருக்குத்தானே தலைகுனிவு? பெரியவருக்கு முன்னால ஆட்டுத்தலையை வெக்காத விருந்து ஒரு விருந்தா? கூலி வரும்போது கணக்குத் தீத்துக்கலாம்னு கை வெச்சுட்டேன். தப்புதான்."

"சரி, யாரு அவரு? சொன்னா உனக்குத்தான் நல்லது."

"வேணாம் அய்யா. அஞ்சு வருஷமே இருக்கட்டும்."

போச்சு! புருல் ஃபைலை மூடினாள். பின்னால் சாய்ரா விசும்புவது கேட்டது.

அப்போது பெய்ஷென் மறுபடி எழுந்தார். தொப்பி கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"அய்யா... அஞ்சு வருஷம் ரொம்ப அநியாயம்ங்க. பாவம், விட்டுடுங்க. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

புருல் வாயைப் பிளந்தாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது? இப்பத்தானே அந்த விருந்தாளியையும் உள்ள தள்ளணும்னு குதிச்சீங்க?"

கூண்டுக்குள்ளிருந்து அசான்குல் பதறினான். "அண்ணே, ஒண்ணும் சொல்ல வேணாம்! பேசாம உக்காருங்க!"

பெய்ஷென் உட்காரவில்லை.

"அன்னிக்கு அந்தக் கடாவோட தலையை வெச்சது எனக்கு முன்னாலதான் அய்யா. 'இப்படி ஒரு ருசி எங்க மந்தை ஆட்டுல கிடையவே கிடையாது'ன்னு வேற சொல்லிட்டு வந்தேன்!"