ஒன்று விடாமல்

“ராத்திரி தூங்கினீங்களா?”

“ம்... தூங்கினேனே” என்று மென்று விழுங்கினார் தையல்காரர்.

“பொய். விடிய விடியப் புரண்டுக்கிட்டிருந்தீங்க. பசி?”

“அவ்வளவா இல்ல.”

“முடி?”

“சீப்பைத் தொடவே பயமா இருக்கு.”

“மறதி?”

“அதெல்லாம் கிடையாது!”

“நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு பக்கமும் இடது கையையே வெச்சுத் தச்சிருக்கீங்க.”

தையல்காரர் அசடு வழிந்தார். “போதும்டி, வக்கீல் மாதிரி குடையாதே.”

“லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற புற்றுநோய். மருந்தும் புதுசு. பக்க விளைவை ஒண்ணு விடாம சொல்லணும்னு டாக்டர் சொன்னாருல்ல?” மனைவி விடுவதாக இல்லை.

போன் அடித்தது. வாரா வாரம் நோயாளியை விசாரிக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ்.

விரல்கள் மரத்துப்போயிருந்ததால் மனைவியால் போனைப் பிடிக்க முடியாது. தையல்காரரே அதை அவள் காதருகே பிடித்துக்கொண்டார்.

“எனக்கு விரல் மரத்துப்போகுது, வாய்ல புண்ணு, அவ்வளவுதான் சிஸ்டர்” என்றாள் அவள். “மாத்திரை முழுங்கறது நான். ஆனா பாதி பக்க விளைவு என் வீட்டுக்காரருக்கு வந்திருக்கு. தூக்கமில்ல, பசியில்ல, முடி வேற கொட்டுது. அதையும் எழுதிக்குங்க.”